பழைய காரைப் புதுசாக்கப் போறீங்களா? சீட்டை விடுங்க... முதல்ல கண்ணாடியைப் பாருங்க!

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துகிட்டிருந்தது. 24 மணி நேரத்துல 46 சென்டிமீட்டருக்கும் மேல மழை. மறுநாள் மழை கொஞ்சம் விட்டதும், லாஸ்பேட்டையில இருக்கிற என் மாமா முதல்ல ஓடினது வாசல்ல நின்ன பிரீமியர் பத்மினிகிட்டதான்.

நல்லவேளை, அவங்க தெருவுல வெள்ளம் நிக்கலை. வெளியே பார்த்தா காருக்கு ஒண்ணுமே ஆகாத மாதிரிதான் இருந்தது. ஆனா கதவைத் திறந்தா, கால் வைக்கிற இடத்துல நாலு விரல் உயரத்துக்குத் தண்ணி!

அதுக்கு ஆறு மாசம் முன்னாடிதான் ஆசை ஆசையா சீட் எல்லாம் மெரூன் கலர் ரெக்சின்ல புதுசா தச்சு, தரைக்குக் கார்பெட்டும் போட்டிருந்தார். அந்தக் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தப்போ, அடியில இருந்த தகடு கையோட பொலபொலன்னு உதிர்ந்து வந்தது. தண்ணி கீழே இருந்து வரலை. முன் கண்ணாடியைச் சுத்தியிருந்த ரப்பர் வழியா மேலே இருந்து வந்திருக்கு. அந்த ஒரு ராத்திரி மட்டுமில்லை, பல மழைக்காலமா கொஞ்சம் கொஞ்சமா வந்துகிட்டே இருந்திருக்கு. கார்பெட் அதை மறைச்சுவெச்சிருந்தது, அவ்வளவுதான்.

சீட் தச்சவர் மேல எந்தத் தப்பும் இல்லை. நாங்கதான் வேலையைத் தலைகீழா ஆரம்பிச்சிட்டோம்.

உங்க வீட்டுலயும் தாத்தாவோ அப்பாவோ ஓட்டின அம்பாசடரோ, பத்மினியோ, சென்னையில தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ நிக்குதா? அதோட உள்பக்கத்தை வீட்டுலேயே சரிபண்ணணும்னு ஆசை இருக்கா? கடலோர ஊர்க்காரங்களுக்கு ஒரே விதிதான்: முதல்ல கண்ணாடி, அடுத்து தரை, கடைசியாதான் சீட். ஏன், எப்படின்னு பார்ப்போம்.

கண்ணாடிக்கும் தரைக்கும் என்ன சம்பந்தம்?

இப்போ வர்ற கார்கள்ல முன் கண்ணாடியை வலுவான பசை போட்டு பாடியோட ஒட்டிடுறாங்க. பழைய கார்கள்ல அப்படி இல்லை. கண்ணாடியைச் சுத்தி ஒரு தடிமனான ரப்பர் இருக்கும். அந்த ரப்பருக்கு ரெண்டு பள்ளம். ஒரு பள்ளம் கண்ணாடியைப் பிடிச்சுக்கும். இன்னொண்ணு பாடித் தகட்டோட விளிம்பைப் பிடிச்சுக்கும். மொத்தக் கண்ணாடியும் அந்த ரப்பரை நம்பித்தான் நிக்குது.

வருஷக்கணக்கா வெயில்பட்டா அந்த ரப்பர் இறுகி, சுருங்கி, மூலையில வெடிக்கும். அந்த இடுக்குல தண்ணி இறங்கும். உள்ளே இருக்கிற தகட்டு விளிம்பு துருப்பிடிக்கும். துரு தகட்டைவிட அதிக இடத்தை அடைச்சுக்கும். அதனால உப்பி, ரப்பரை இன்னும் தள்ளும். இடுக்கு பெருசாகும், இன்னும் தண்ணி இறங்கும். அந்தத் தண்ணி டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஓரமா வழிஞ்சு, கால்மிதிக்கு அடியில போய்த் தேங்கும். மேலே பார்த்தா ஒண்ணுமே தெரியாது.

நம்ம ஊர்ல இதுக்கு உப்பும் சேர்ந்துக்குது. கடல்காத்துல வர்ற உப்பு, காத்துல இருக்கிற ஈரத்தையே இழுத்து வெச்சுக்கும். அதனால மழை பெய்யாத நாள்லயும் அந்த இடுக்கு முழுசா காயாது. உள்ளூர்ப் பகுதியில இருக்கிற காரைவிட கடலோரத்துல நிக்கிற கார் சீக்கிரம் துருப்பிடிக்க இதுதான் காரணம்.

முதல் வேலை: தண்ணி டெஸ்ட்

இதுக்கு ரெண்டு பேர், ஒரு தோட்டத்து டியூப், ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ் போதும்.

சீட், மேட், கார்பெட் எல்லாத்தையும் வெளியே எடுத்துடுங்க. ஒருத்தர் டார்ச்சோட உள்ளே உக்காரணும். இன்னொருத்தர் வெளியே இருந்து டியூப்ல மெதுவா தண்ணி விடணும். வேகமா பீய்ச்சாதீங்க, மழை மாதிரி வழியவிட்டாலே போதும். முக்கியமா, கீழே இருந்து மேலே போங்க. மேலே இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழியும், எங்கே ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. முன் கண்ணாடியின் அடி ஓரம், பக்கவாட்டு ஓரம், மேல் ஓரம், அப்புறம் கதவுகள், பின் கண்ணாடி, டிக்கின்னு ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து, பத்து நிமிஷம் கொடுங்க. உள்ளே சொட்டு தெரிஞ்ச இடத்துல சாக்பீஸால குறி வைங்க.

கதவு பீடிங்குக்கு இன்னொரு சுலபமான வழி இருக்கு. ஒரு துண்டுப் பேப்பரை நடுவுல வெச்சு கதவை மூடி, பேப்பரை இழுத்துப் பாருங்க. இறுக்கமா வந்தா பீடிங் நல்லா இருக்கு. வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல ரப்பர் தேய்ஞ்சிருக்கு, இல்லைன்னா கதவோட கீல் இறங்கியிருக்கு. கீல் இறங்கின கதவுக்கு எவ்வளவு விலையில பீடிங் வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. முதல்ல கதவைத் தூக்கி சரிபண்ணணும்.

முன் கண்ணாடி ரப்பர் மாத்துறது எப்படி?

பழைய ரப்பரைக் காப்பாத்தணும்னு நினைக்காதீங்க. வெளி ஓரத்தை பிளேடால அறுத்து எடுத்துட்டா கண்ணாடி தானா விடுபடும். உள்ளே இருந்து காலால உதைச்சுத் தள்ளுறது, ஸ்குரூ டிரைவரால நெம்புறது... ரெண்டும் கண்ணாடியை உடைக்கிற வழி. கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

கண்ணாடி வெளியே வந்ததும்தான் உண்மையான வேலை ஆரம்பிக்குது. தகட்டு விளிம்பைச் சுத்தி கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் துருவை எடுங்க. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். அதனால உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, மாஸ்க் போட்டுக்கோங்க. மிச்சமிருக்கிற துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர், அதுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல பெயின்ட். ஒவ்வொண்ணும் நல்லா காயணும். விளிம்பு ஓட்டை விழுந்து அரிச்சிருந்தா, அது வீட்டு வேலை இல்லை. டிங்கரிங் செய்றவர்கிட்ட போய்த் தகடு வெச்சுப் பத்தவெச்சுட்டு வாங்க.

கண்ணாடியைத் திரும்ப மாட்ட, துணி காயப்போடுற மெல்லிசான நைலான் கயிறு போதும். புது ரப்பரை முதல்ல கண்ணாடியைச் சுத்தி மாட்டுங்க. பாடி விளிம்பு உக்கார வேண்டிய பள்ளத்துல கயிறைச் சுத்திவரப் பதிச்சு, ரெண்டு முனையும் கீழே நடுவுல குறுக்கே போய் காருக்கு உள்பக்கம் தொங்குற மாதிரி விடுங்க. விளிம்புல சோப்புத் தண்ணி தடவுங்க. வெளியே ஒருத்தர் உள்ளங்கையால சீரா அழுத்த, உள்ளே இருக்கிறவர் கயிறை மெதுவா இழுக்கணும். கயிறு வர வர, ரப்பரோட உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உக்காரும். அவசரப்பட்டா ரப்பர் கிழியும்.

இங்கே நிறைய பேர் பண்ற ஒரு தப்பு: ஒழுகுதுன்னதும் ஹார்டுவேர் கடையில பாத்ரூம் சிலிக்கான் டியூப் வாங்கி அடைச்சிடுறாங்க. வினிகர் வாசனை வர்ற அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது இரும்புத் தகட்டை அரிக்கும். மேலே ஒழுகல் நின்ன மாதிரி தெரியும், அடியில துரு ஓடிக்கிட்டே இருக்கும். கார் பெயின்ட் கடையில கிடைக்கிற, காஞ்சு இறுகாத கறுப்பு மாஸ்டிக்கைக் கேட்டு வாங்குங்க.

கதவுக்குள்ள என்ன நடக்குது?

ஒரு விஷயம் தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. கதவுக்குள்ள தண்ணி போறது தப்பே இல்லை. கண்ணாடி ஏறி இறங்குற இடுக்கு வழியா கொஞ்சம் தண்ணி எப்பவும் இறங்கும். அது வெளியே போறதுக்காகவே கதவோட அடியில சின்னச் சின்ன ஓட்டைகள் வெச்சிருக்காங்க. இலை, மண், பெயின்ட் அடைச்சு அந்த ஓட்டைகள் மூடிக்கிட்டாதான் பிரச்னை. கதவு தொட்டி மாதிரி ஆகி, அடியில இருந்து அரிச்சுடும். ஒரு கம்பியை விட்டுக் குத்தி அடைப்பை எடுங்க. பத்து நிமிஷ வேலை. செலவே இல்லை. கதவோட ஆயுளை இதைவிட அதிகமா கூட்டுற வேலை வேற இல்லை.

கதவோட உள்பக்க அட்டையை, அதாவது டோர் பேடைக் கழட்ட, முதல்ல கண்ணாடி சுத்துற ஹேண்டிலையும் கைப்பிடியையும் எடுக்கணும். சில கார்கள்ல திருகு, சிலதுல சின்ன பின் அல்லது கிளிப் இருக்கும். பலவந்தம் வேண்டாம். அப்புறம் பட்டி பார்க்கிற அகலமான பிளேடை ஓரத்துல விட்டு, கிளிப் இருக்கிற இடமா பார்த்து ஒவ்வொண்ணா விடுவிங்க.

அட்டைக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கணும். பல கார்கள்ல எப்பவோ ஒரு மெக்கானிக் கிழிச்சுப் போட்டிருப்பார். அது இல்லைன்னா கதவுக்குள்ள வழியுற தண்ணி அட்டையை நனைக்கும். அட்டை உப்பும், ரெக்சின் உரியும், தண்ணி தரைக்கு வரும். தடிமனான பாலிதீன் ஷீட்டை அளவு வெட்டி ஒட்டுங்க. அடி ஓரத்தை மட்டும் கதவுக்கு உள்பக்கமா சொருகுங்க. அப்பதான் ஷீட்டுல வழியுற சொட்டு கதவுக்குள்ளேயே விழுந்து ஓட்டை வழியா வெளியே போகும்.

கண்ணாடி ஏறி இறங்க கஷ்டப்படுதா? பெரும்பாலும் குற்றவாளி, கண்ணாடி ஓடுற ஃபெல்ட் சேனல்தான். அது தேய்ஞ்சு, மண் அடைச்சு நிக்கும். அதுல என்ஜின் ஆயிலோ கிரீஸோ விடாதீங்க. இன்னும் மண் ஒட்டும். சேனலுக்கு சிலிக்கான் ஸ்பிரே, ஏத்தி இறக்குற பல்சக்கரத்துக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ். கண்ணாடியோட அடி விளிம்பைப் பிடிச்சிருக்கிற இரும்புச் சேனலையும் பாருங்க. அது துருப்பிடிச்சு உப்பினா, ஒரு நாள் கண்ணாடியையே விரிசல் விடவெச்சுடும்.

பீடிங்கும் ஃபெல்ட் சேனலும் மீட்டர் கணக்குல கிடைக்கும். சென்னை புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் தேடிப் போறவங்க வாயால விளக்காம, பழைய பீடிங்குல ஒரு சாண் வெட்டி எடுத்துட்டுப் போங்க. 'பத்மினி பீடிங்'னு கேட்டா ஏதோ ஒண்ணைக் கொடுப்பாங்க. வெட்டுமுகம் பொருந்துறதுதான் முக்கியம்.

கண்ணாடியையே மாத்தணும்னா?

தண்ணிக் கறைதான் பிரச்னைன்னா மாத்தத் தேவையில்லை. தண்ணி கலந்த வினிகரால துடைச்சுப் பாருங்க. பெயின்ட்லயும் குரோம்லயும் படாம பார்த்துக்கோங்க. வைப்பர் போட்ட மெல்லிய கீறலுக்கு சீரியம் ஆக்சைடு பவுடரைத் தண்ணியில குழைச்சு, ஃபெல்ட் பேடால தேய்க்கலாம். கண்ணாடி சூடாகாம, ஈரமாவே வெச்சுக்கணும். நகத்தால தடவினா தட்டுப்படுற ஆழமான கீறலைத் தேய்க்காதீங்க. அந்த இடம் குழிஞ்சு, ராத்திரி எதிர்ல வர்ற லைட் கோணலா தெரியும்.

உடைஞ்சுபோனா, 'வீட்டு ஜன்னல் கண்ணாடியை அளவா வெட்டித் தர்றேன்'னு சொல்றவங்களுக்குக் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. சாதாரணக் கண்ணாடி கத்தி மாதிரி துண்டாகி உடையும். வாகனத்துக்குப் பாதுகாப்புக் கண்ணாடிதான் போடணும்னு சட்டமே சொல்லுது. கண்ணாடியின் மூலையில ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கான்னு பாருங்க. அதே மாதிரி, முன், பின் கண்ணாடிகள் 70 சதவிகிதமும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 சதவிகிதமும் வெளிச்சத்தை உள்ளே விடணும். வெயிலுக்குப் பயந்து கறுப்பா எதையாவது ஒட்டினா அபராதம்தான்.

இப்போ தரை

ஒழுகல் நின்னாச்சுன்னு இன்னொரு முறை தண்ணி டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்திக்கோங்க. அப்புறம் ஒரு ஸ்குரூ டிரைவரால தரைத் தகட்டைக் குத்திக்கிட்டே வாங்க. 'டங்'குன்னு சத்தம் வந்தா தகடு நல்லா இருக்கு. முனை உள்ளே இறங்கினா அந்த இடம் போயிடுச்சு. வெட்டி எடுத்து புதுத் தகடு பத்தவைக்கணும். மேலே தாரோ ஃபைபரோ பூசி மறைக்காதீங்க. வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி இணைப்பை எடுத்துடணும். பெட்ரோல் டேங்க், பைப் பக்கத்துல வேலைன்னா அனுபவசாலிகிட்ட மட்டும் கொடுங்க.

தரை சரியானதும் பிரைமர், பெயின்ட். மேலே ஒட்டுற கார்பெட் வேண்டாம். தூக்கி உதறிக் காயவைக்கிற மாதிரி ரப்பர் மேட் போடுங்க. மழைக்காலத்துல வாரத்துக்கு ஒரு தடவை மேட்டைத் தூக்கிப் பார்க்கிறது நல்ல பழக்கம்.

கூரைத் துணி, கடைசியா சீட்

கூரைத் துணியை மாத்துற ஆசை இருந்தா, அதை முன் கண்ணாடி வெளியே இருக்கும்போதே முடிச்சுடுங்க. பெரும்பாலான பழைய கார்கள்ல அந்தத் துணியோட ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியிலதான் போய் ஒட்டும். சீட்டையும் கூரையையும் முதல்ல முடிச்சுட்டு அப்புறம் கண்ணாடியைக் கழட்டினா, செஞ்ச வேலையையே பிரிக்க வேண்டிவரும். துணியைத் தாங்குற கம்பிகள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வளைவுல இருக்கும். கழட்டும்போதே நம்பர் போட்டு வைங்க. ஒட்டினதும் சின்னச் சுருக்கம் இருந்தா, மத்தியான வெயில்ல நிறுத்துங்க. நம்ம ஊர் வெயில் அந்த வேலையை இலவசமா செஞ்சு தரும். ஒட்டுற பசையோட நெடி தலைசுத்த வைக்கும். கதவெல்லாம் திறந்துவெச்சு வேலை பாருங்க.

பழைய சீட்டைப் பிரிச்சா அடியில ஸ்பிரிங், அதுக்கு மேல சாக்கு, நார், பஞ்சு, மேலே ரெக்சின்னு அடுக்கடுக்கா இருக்கும். சீட் அமுங்கிப்போச்சுன்னா முழுசா தூக்கிப்போடாதீங்க. பெரும்பாலும் சாக்கு இத்துப்போயிருக்கும், ஒண்ணு ரெண்டு ஸ்பிரிங் உடைஞ்சிருக்கும். அதை மட்டும் மாத்தினா போதும். ரெக்சின் முழுசா இருந்து தையல் மட்டும் விட்டிருந்தா, திரும்பத் தைச்சாலே போதும். மாத்தித்தான் ஆகணும்னா பழைய உறையைக் கிழிக்காம தையலைப் பிரிங்க. ஒவ்வொரு துண்டுலயும் நம்பரும், எந்தப் பக்கம் முன்னாடின்னு அம்புக்குறியும் போட்டு, போட்டோவும் எடுத்துக்கோங்க. அதுதான் டெய்லருக்கு அளவு. இந்த ஒரு வேலையை வீட்டு மெஷின்ல முயற்சி பண்ணாதீங்க. தடி ரெக்சினை அது தாங்காது. பிரிக்கிறதையும் மாட்டுறதையும் நீங்க செஞ்சு, தைக்க மட்டும் வெளியே கொடுத்தா கூலி குறையும்.

எதை மாத்தவே கூடாது?

'அப்படியே பவர் விண்டோ போட்டுடலாமே'ன்னு யாராவது ஆசைகாட்டுவாங்க. யோசிங்க. முதல் பதிவுல இருந்து 50 வருஷத்துக்கு மேல ஆன, மூல வடிவத்துலயே இருக்கிற கார்களை 'வின்டேஜ்' வாகனமா பதிவு செய்ய 2021-ல மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேஸி, பாடி, என்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. அந்தப் பதிவுல 'வி.ஏ.' எழுத்துகளோட தனி நம்பர் கிடைக்கும். ஆனா கண்காட்சி, ராலி மாதிரியான தேவைகளுக்குத்தான் ஓட்டலாம். தினமும் ஓட்டுற ஆசை இருக்கிறவங்க சாதாரண ஆர்.சி-யையே புதுப்பிச்சுக்கிறதுதான் சரி. எந்த வழியில போனாலும், கதவைத் துளைச்சு மோட்டார் வைக்கிறதுக்கு முன்னாடி, அந்தத் துளையைத் திரும்ப மூட முடியாதுங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நம்ம கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தை எடுத்துக்கோங்க. 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்தது. பழைய வடிவத்துலேயே மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில திறந்தாங்க. கட்டடத்துக்கு அது சாத்தியம். ஆனா அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்னுபோச்சு. மும்பையில கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர்ல ஓய்வுபெற்றது. நம்ம வாசல்ல நிக்கிற ஒரு கதவு அரிச்சுப்போனா, புதுசா ஒண்ணு எந்த ஃபேக்டரியில இருந்தும் வராது.

எப்போ ஆரம்பிக்கலாம்?

பொங்கல் முடிஞ்ச கையோட. ஜனவரியில இருந்து மே வரைக்கும் நமக்கு வறண்ட காலம். பிப்ரவரி, மார்ச்ல கண்ணாடி வேலை, ஏப்ரல், மே-ல தரை, பெயின்ட், அப்புறம் சீட். அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கணும். முடிச்ச பிறகு காரை பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காத்துப்போற துணி கவர்தான் நல்லது. வாரம் ஒரு முறை பீடிங் ஓரங்களை நல்ல தண்ணியால கழுவி விட்டா உப்பு தங்காது.

மாமா வீட்டுப் பத்மினிக்கும் இந்த வரிசையிலதான் வேலை நடந்தது. புது ரெக்சின் சீட்டுகளை வெளியே எடுத்து ஹால்ல வெச்சோம். நாலு மாசம் அதுல உக்காந்துதான் டிவி பார்த்தோம். ஆயுத பூஜைக்கு மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தார். அடுத்து வந்த முதல் பெருமழையில, மனுஷன் வீட்டுக்குள்ள இருக்காம டார்ச்சை எடுத்துக்கிட்டு காருக்குள்ள போய் உக்காந்துட்டார். அரை மணி நேரம் கழிச்சு, கண்ணாடியை அரை இன்ச் இறக்கி சத்தம் போட்டார்: "தரை காஞ்சு கிடக்குடா! இடது பக்கம் சின்ன முக்கோணக் கண்ணாடியில மட்டும் ரெண்டு சொட்டு. சாக்பீஸ் எடுத்துட்டு வா!"